தறியையும் விடாமல், உடம்பையும் விடாமல்

பாடம் 8

நம் ஊர், நம் தறி

பாலராமபுரம் என்றால் கைத்தறி. கைத்தறி என்றால் பாலராமபுரம். வேட்டி, நேரியது, கசவு முண்டு என்று நம் தெருக்களில் நெய்த துணி நாடெங்கும் போகிறது.

இந்த ஊருக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது? 1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்ட மன்னர் பாலராம வர்மா. அவர் பெயரால் ஊர் அமைந்தது. திவான் உம்மிணித் தம்பியின் காலத்தில் தமிழ்ப் பகுதியிலிருந்து சாலியர் குடும்பங்களை அழைத்து வந்து இங்கே குடியமர்த்தினார்கள். அவர்கள் தறியோடு வந்தார்கள். தமிழோடும் வந்தார்கள். அதனால்தான் இன்றும் இந்தப் பக்கத்தில் பல வீடுகளில் வீட்டுப் பேச்சு தமிழாகவும், கடைத்தெருப் பேச்சு மலையாளமாகவும் இருக்கிறது.

நம்முடைய தறி குழித்தறி. தரையில் ஒரு குழி இருக்கும். நெசவாளி குழியின் விளிம்பில் உட்காருவார். இரண்டு காலும் குழிக்குள் இருக்கும். கால் மிதிகட்டையை மிதிக்கும். பாவு மேலும் கீழுமாகப் பிரியும். கை நாடாவை ஓட்டும். பிறகு பலகையை இழுத்து ஊடை நூலை நெருக்கும். மறுபடியும் மிதி, மறுபடியும் நாடா, மறுபடியும் பலகை. நாள் முழுவதும் இதே வேலைதான்.

குழியில் ஈரம் உண்டு. அந்த ஈரம் பாவு நூலை அறாமல் காக்கிறது. நூலுக்கு அது நல்லது. காலுக்கு நல்லதா? அதையும் இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

ஒரு வீட்டில் எழுந்த கேள்வி

ஒரு நெசவாளியை மனத்தில் நினைத்துக்கொள்வோம். அவருக்கு வயது 48. தெருவில் எல்லாரும் அவரை அண்ணாச்சி என்று அழைக்கிறார்கள். 15 வயதில் தறியில் உட்கார்ந்தவர். மூன்று வருடமாக அவருக்குச் சர்க்கரை நோய். மாத்திரை வாங்குவார். சில நாள் சாப்பிடுவார், சில நாள் மறந்துவிடுவார்.

ஒருநாள் ஆஷா பணியாளர் வீட்டுக்கு வந்தார்.

“அண்ணாச்சி, மைனி எங்கே? உங்க காலில் என்ன, துணி சுற்றியிருக்கு?”

“ஒண்ணுமில்லை தங்கச்சி. மிதிகட்டையில் ஏதோ கீறியிருக்கு. எப்போ கீறிச்சுன்னே தெரியலை. பத்து நாளாச்சு. வலியே இல்லை.”

“வலி இல்லையா? அதுதான் அண்ணாச்சி பயப்பட வேண்டிய விஷயம். டாக்டரிடம் காட்டினீர்களா?”

“ஓணத்துக்குத் துணி கொடுக்கணும். இப்போ ஆஸ்பத்திரிக்குப் போனா தறியை விடச் சொல்வாங்க. தறியை விட்டா எனக்கு வேற என்ன தெரியும்? நெய்த அளவுக்குத்தானே கூலி?”

“சங்கத்தில் சொன்னீங்களா?”

“சொன்னா இவனால முடியாதுன்னு நினைப்பாங்க. பாவு தரமாட்டாங்க.”

அண்ணாச்சியின் பயம் பொய்யான பயம் அல்ல. பல வீடுகளில் இந்தப் பயம் உண்டு. நோய் வந்தவர் முன்னால் இரண்டு வழிதான் இருப்பதாக நினைக்கிறார். ஒன்று, நோயை மறைத்து முன்போலவே உழைப்பது. மற்றது, தொழிலை அடியோடு விடுவது.

மூன்றாவது வழி ஒன்று உண்டு. வேலையை உடம்புக்கு ஏற்றபடி மாற்றுவதுதான் அது. எப்படி மாற்றுவது என்று பார்ப்போம்.

சர்க்கரை நோயும் காலும்

நாம் உண்ணும் உணவு சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலக்கிறது. அந்தச் சர்க்கரை உடம்பின் தசைகளுக்குள் போனால்தான் நமக்குச் சக்தி. அதை உள்ளே அனுப்புவது இன்சுலின் என்ற நீர். வயிற்றில் உள்ள கணையம் என்ற உறுப்பு இதைச் சுரக்கிறது. இன்சுலின் குறைந்தாலும், உடம்பு அதைச் சரியாகப் பயன்படுத்தாவிட்டாலும், சர்க்கரை இரத்தத்திலேயே தங்கிவிடும். இதுதான் சர்க்கரை நோய்.

இது ஒருவர் இருவருக்கு வரும் நோய் அல்ல. 2023இல் வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்றின்படி, நம் நாட்டில் 10 கோடிக்கும் அதிகமான பேருக்குச் சர்க்கரை நோய் உண்டு. கேரளத்தில் 20 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 100 பேருக்குச் சுமார் 25 பேர். அதாவது நான்கு பேரில் ஒருவர். நோய் வந்ததற்காக வெட்கப்பட ஒன்றுமில்லை.

வெறும் வயிற்றில் எடுத்த இரத்தத்தில் சர்க்கரை 100க்குக் கீழே இருந்தால் சரியான அளவு. 126ம் அதற்கு மேலும் இருந்தால் மறுமுறையும் பார்த்து, சர்க்கரை நோய் என்று டாக்டர் உறுதி செய்வார்.

இரத்தத்தில் சர்க்கரை பல வருடம் கூடியே இருந்தால் நரம்புகள் கெடும். முதலில் கெடுவது பெரும்பாலும் பாதத்தின் நரம்பு. கால் எரியும். ஊசி குத்துவது போல் இருக்கும். பிறகு மரத்துப்போகும். முள் குத்தினாலும் தெரியாது. சூடு பட்டாலும் தெரியாது. கூடவே காலுக்குப் போகும் இரத்த ஓட்டமும் குறையலாம். அப்போது புண் எளிதில் ஆறாது. கவனிக்காமல் விட்ட சிறு புண், விரலை எடுக்கும் நிலைக்கும் காலை எடுக்கும் நிலைக்கும் கொண்டுபோய் விடும்.

இப்போது நம் தறிக்குழியை நினைத்துப் பாருங்கள். கால் கண்ணுக்குத் தெரியாது. உள்ளே வெளிச்சம் இல்லை, ஈரம் உண்டு. மிதிகட்டையில் மரச்சிராய் இருக்கலாம். கீழே ஆணி, உடைந்த குச்சி, எறும்பு இருக்கலாம். மரத்துப்போன கால் அங்கே நாள் முழுவதும் வெறுங்காலாக மிதிக்கிறது. அண்ணாச்சிக்கு எப்போது கீறியது என்று தெரியாததன் காரணம் இதுதான்.

வலி ஒரு காவல்காரன்

வலி வேண்டும் என்று யாராவது சொல்வார்களா? ஒரு டாக்டர் சொன்னார். அவர் பெயர் பால் பிராண்ட். 1914இல் தமிழ்நாட்டில் பிறந்து, கொல்லிமலையில் சிறுவயதைக் கழித்தவர். இங்கிலாந்தில் படித்துவிட்டு, 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார்.

அந்தக் காலத்தில் தொழுநோய் வந்தவர்களின் விரல்கள் தானாக அழுகி விழும் என்று எல்லாரும் நம்பினார்கள். டாக்டர் பிராண்ட் நோயாளிகளின் கையையும் காலையும் மட்டும் பார்க்கவில்லை. அவர்கள் செய்யும் வேலையையும் கவனித்துப் பார்த்தார். அப்போது உண்மை தெரிந்தது. விரல்கள் தானாக அழுகவில்லை. தொழுநோய் நரம்பைக் கெடுத்தது. வலி தெரியாமல் போயிற்று. வலி தெரியாததால் சூடான பாத்திரத்தைப் பிடித்தார்கள். கருவியை அளவுக்கு மீறி அழுத்தினார்கள். புண்ணோடு நடந்தார்கள். அந்தப் புண்கள்தான் விரல்களைத் தின்றன.

காரணம் தெரிந்ததும் வழியும் தெரிந்தது. 1951இல் வேலூரில் நோயாளிகளுக்காக ஒரு புது வாழ்வு நிலையம் தொடங்கப்பட்டது. அங்கே அவர்கள் மரவேலை போன்ற தொழில்களைக் கற்றார்கள். புண் வராதபடி வேலை செய்யவும் கற்றார்கள். கை கால்களைத் தினமும் பார்க்கும் வழக்கத்தையும் கற்றார்கள். மென்மையான ரப்பரில் செருப்பும் செய்யப்பட்டது. இன்றும் ஆஸ்பத்திரிகளில் எம்.சி.ஆர். செருப்பு என்று தருகிறார்களே, அந்த வகைச் செருப்புதான். பிறகு டாக்டர் பிராண்ட் அமெரிக்காவுக்குப் போனார். அங்கே இதே பாடத்தைச் சர்க்கரை நோயாளிகளின் காலுக்கும் பயன்படுத்தினார். அவர் 2003இல் காலமானார்.

வலி நம் உடம்பின் காவல்காரன். காவல்காரன் தூங்கிவிட்டால் வீட்டுக்காரர்தான் விழித்திருக்க வேண்டும். கால் சொல்லாததைக் கண் பார்க்க வேண்டும்.

தறியில் என்ன மாற்றலாம்?

மாற்றத்துக்கு முன்னால் சிகிச்சை. புண் இருந்தால் முதலில் டாக்டரிடம் காட்ட வேண்டும். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் குடும்ப ஆரோக்கிய கேந்திரத்திலும் சர்க்கரை நோய்க்குப் பரிசோதனையும் மருந்தும் உண்டு. மாத்திரையை நாமே கூட்டவோ குறைக்கவோ நிறுத்தவோ கூடாது. புண் ஆறும்வரை அந்தக் காலால் மிதிக்கக் கூடாது. அதன் பிறகு தறியில் செய்யக்கூடிய மாற்றங்கள் இவை:

1. குழியைச் சுத்தம் செய்க. வாரம் ஒருமுறை குழியைப் பெருக்கிப் பாருங்கள். ஆணி, சிராய், கண்ணாடித் துண்டு எதுவும் இருக்கக் கூடாது. மழைக்காலத்தில் நீர் ஊறினால் அடியில் செங்கல் பரப்புங்கள் அல்லது சிமெண்டு பூசுங்கள். குழிக்குள் வெளிச்சம் விழும்படி ஒரு விளக்கு வையுங்கள்.

2. மிதிகட்டையை மென்மையாக்குக. மரத்தை உரசி வழவழப்பாக்குங்கள். அதன்மேல் பழைய துணியை மடிப்பு இல்லாமல் சுற்றித் தையுங்கள். துணி அழுக்கானால் மாற்றுங்கள்.

3. வெறுங்காலால் மிதிக்காதீர்கள். அடிப்பாகம் மென்மையாகவும், பின்பட்டையோடும் உள்ள செருப்பைப் போட்டு மிதிக்கப் பழகலாம். முதல் சில நாள் மிதி தப்பும். பிறகு கால் பழகிவிடும். அதுவும் முடியாவிட்டால் சுத்தமான பருத்திக் காலுறையாவது போடுங்கள். வெள்ளைக் காலுறை நல்லது. இரத்தமோ நீரோ கசிந்தால் உடனே தெரியும்.

4. அரை மணிக்கு ஒருமுறை எழுந்திருங்கள். இரண்டு மூன்று நிமிடம் நடந்தால் போதும். காலுக்கு இரத்தம் ஓடும். இரத்தத்தில் சர்க்கரையும் குறையும். நெய்யும்போது நேரம் தெரியாது என்பார்கள். அதற்கும் வழி உண்டு. அரை மணியில் நீங்கள் எவ்வளவு நெய்வீர்கள் என்று அளந்து பாருங்கள். அந்த அளவுக்கு ஒரு குச்சி வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு குச்சி நெய்தால் ஒரு நடை.

5. பக்கத்தில் சர்க்கரை வைத்திருங்கள். மருந்து சாப்பிட்டுவிட்டு உணவைத் தள்ளிப்போட்டால் சர்க்கரை மிகவும் இறங்கிவிடும். கை நடுங்கும். வியர்க்கும். நெஞ்சு படபடக்கும். கண் இருளும். உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடிக்க வேண்டும். 15 நிமிடத்தில் சரியாகாவிட்டால் மறுபடியும் குடிக்க வேண்டும். சரியானதும் ஏதாவது சாப்பிட வேண்டும். நினைவு இழந்தவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்ல வேண்டும்.

6. கண்ணைப் பாருங்கள். சர்க்கரை நோய் கண்ணின் உட்திரையையும் கெடுக்கும். கசவு நூல் மங்கலாகத் தெரியும்வரை காத்திருக்க வேண்டாம். வருடம் ஒருமுறை கண் பரிசோதனை செய்ய வேண்டும்.

ஒரு தொழிலுக்குள் பல வேலை

“எனக்கு நெசவுதான் தெரியும்” என்றார் அண்ணாச்சி. நெசவு என்பது ஒரே வேலையா? எண்ணிப் பாருங்கள். நூலைக் கஞ்சியில் தோய்க்க வேண்டும். தார் சுற்ற வேண்டும். பாவு ஓட்ட வேண்டும். தெருவில் பாவை நீட்டிக் கஞ்சி போட வேண்டும். பாவு பிணைக்க வேண்டும். நெய்ய வேண்டும். நெய்த துணியைப் பார்த்து மடிக்க வேண்டும். கணக்கு எழுத வேண்டும். இளையவர்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

ஒவ்வொரு வேலையும் உடம்பின் ஒவ்வொரு பகுதியைக் கேட்கிறது. நெய்வதற்குக் கால், கை, இடுப்பு, கண் எல்லாம் வேண்டும். பாவு பிணைக்கக் கண்ணும் விரலும் வேண்டும். தார் சுற்ற ஒரு கை ஓயாமல் சுழல வேண்டும். தெருவில் பாவு போடும் வேலை அதிகாலையில் நடக்கிறது. நின்றும் நடந்தும் செய்ய வேண்டும். சர்க்கரை நோயாளி அதற்கு வெறும் வயிற்றோடு போகக் கூடாது. வெறுங்காலோடும் போகக் கூடாது.

எனவே “என்னால் நெசவு முடியுமா?” என்று கேட்க வேண்டாம். “நெசவில் எந்த வேலை என்னால் முடியும்? எந்த வேலையை மாற்ற வேண்டும்?” என்று கேளுங்கள்.

கால் புண் ஆறும்வரை அண்ணாச்சி பாவு பிணைக்கலாம். துணியில் குற்றம் பார்க்கலாம். மகனைத் தறியில் உட்காரவைத்துப் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுக்கலாம். 33 வருடம் நெய்த கை அது. அந்தக் கையில் உள்ள அறிவு காலில் புண் வந்ததால் குறைந்துவிடாது.

வேறு நோய்களுக்கும் இதே வழிதான். மூட்டுவாதம் உள்ளவருக்குக் காலையில் விரல் மடங்காது. அவர் காலையில் தார் சுற்றாமல், விரல் இளகிய பிறகு தறி வேலை தொடங்கலாம். ஒரே அசைவை நெடுநேரம் செய்யாமல் வேலையை மாற்றி மாற்றிச் செய்யலாம். ஆஸ்துமா உள்ளவர் பஞ்சுத் தூசியைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்கலாம். மூக்கையும் வாயையும் துணியால் மூடலாம். முழங்காலும் இடுப்பும் குழியில் இறங்க விடாவிட்டால், குழி இல்லாமல் தரைக்கு மேல் நிற்கும் சட்டத் தறியில் பலகைமேல் உட்கார்ந்து நெய்யலாம்.

அம்மாவின் தோள் வலி

தெலங்கானாவில் ஆலேர் என்ற ஊர் இருக்கிறது. போச்சம்பள்ளிச் சேலை நெய்யும் பகுதி அது. அந்தச் சேலைக்கு நூலில் முன்கூட்டியே சாயம் கட்ட வேண்டும். அதற்காக நூலை முளைகளில் முன்னும் பின்னுமாகச் சுற்றி வைப்பார்கள். இதற்கு ஆசு என்று பெயர். ஒரு சேலைக்குக் கையைச் சுமார் 9,000 முறை ஆட்ட வேண்டும். பெரும்பாலும் பெண்கள்தான் இதைச் செய்தார்கள்.

அந்த வேலை செய்த பெண்களில் ஒருவர் லட்சுமி. அவருக்குத் தோளிலும் முழங்கையிலும் தீராத வலி. இனி முடியாது என்றார். அவருடைய மகன் சிந்தகிந்தி மல்லேசம். பள்ளியில் சில வகுப்புகளே படித்தவர். அம்மாவின் கை செய்யும் வேலையை இயந்திரம் செய்யாதா என்று 1992இல் முயலத் தொடங்கினார். கையில் பணம் இல்லை. ஊரார் கேலி செய்தார்கள். நடுவில் முயற்சி நின்றும் போயிற்று. ஆனாலும் விடவில்லை. 1999இல் இயந்திரம் ஓடியது. அதற்கு லட்சுமி ஆசு இயந்திரம் என்று அம்மாவின் பெயரையே வைத்தார். ஒரு சேலைக்கு நான்கு மணி நேரம் பிடித்த வேலை, ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. 2017இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது தந்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. லட்சுமி தன் வலியை வீட்டில் சொன்னார். மகன் அதைக் கேட்டார். சொல்லாத வலிக்கு யாரும் இயந்திரம் செய்ய முடியாது.

கூலி குறையாதா?

குறையும். அதை மறைக்க வேண்டாம். நெய்த அளவுக்குக் கூலி என்றால், ஓய்வு எடுத்த நேரத்துக்குக் கூலி இல்லை. ஆனால் கணக்கை முழுவதும் போட்டுப் பார்க்க வேண்டும்.

அண்ணாச்சி ஒரு நாளைக்கு 8 மணி நேரம் நெய்கிறார். மாதத்தில் 25 நாள் வேலை. நடைக்கும் காலைப் பார்ப்பதற்கும் மருந்துக்கும் தினம் 1 மணி நேரம் போகிறது என்று வைத்துக்கொள்வோம்.

ஒரு மாதத்தில் போகும் நேரம்: 25 மணி. அதாவது சுமார் 3 நாள் வேலை.

காலில் புண் முற்றி இரண்டு மாதம் படுத்தால் போவது: 50 நாள் வேலை.

50ஐ 3ஆல் வகுத்தால் 16க்கு மேல் வரும். இரண்டு மாதம் படுத்தால் போகும் கூலி, 16 மாதம் தினமும் ஓய்வு எடுத்தால் போகும் கூலிக்குச் சமம். ஆஸ்பத்திரிச் செலவை இதில் சேர்க்கவில்லை. காலே போய்விட்டால் அதற்குக் கணக்கே இல்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. அண்ணாச்சி குறைத்த வேலையை யார் செய்வார்? பெரும்பாலும் வீட்டில் உள்ள பெண்தான். 2019-20ஆம் ஆண்டு எடுத்த கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் 35 லட்சம் கைத்தறித் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். அவர்களில் 100க்கு 70 பேருக்கு மேல் பெண்கள். அவர்கள் ஏற்கெனவே தார் சுற்றுகிறார்கள், நெய்கிறார்கள், சமைக்கிறார்கள், தண்ணீர் எடுக்கிறார்கள். நோயாளியின் பாரத்தைச் சத்தம் இல்லாமல் அவர்கள் தலையில் வைத்தால், அடுத்த நோயாளி அவர்கள்தான். தறி வேலையை மாற்றும்போது வீட்டு வேலையையும் பங்கிட வேண்டும். குழியில் இறங்க முடியாத நாளில் அண்ணாச்சி காய் நறுக்கலாம் அல்லவா?

உதவி எங்கே கிடைக்கும்?

கேரளத்தில் கைத்தறித் தொழிலாளர் க்ஷேமநிதிச் சட்டம் 1989இல் வந்தது. நீங்கள் க்ஷேமநிதியில் உறுப்பினரா? பணம் சரியாகக் கட்டியிருக்கிறதா? அட்டையை எடுத்துப் படித்துப் பாருங்கள். நோய்க்கு என்ன உதவி உண்டு என்று அலுவலகத்தில் கேளுங்கள்.

தறியையும் தறிச் சாமான்களையும் மேம்படுத்த மத்திய அரசு 2016இல் ஒரு திட்டம் தொடங்கியது. அதில் செலவில் 100க்கு 90 பங்கு அரசு தரும், 10 பங்கு நெசவாளி போட வேண்டும் என்று வைத்தார்கள். இப்போது எந்தச் சாமானுக்கு எவ்வளவு கிடைக்கும் என்று சங்கத்திலும், கண்ணூரில் உள்ள நெசவாளர் சேவை மையத்திலும் கேட்டறியலாம்.

வாயால் கேட்டது மறந்துபோகும். எழுதிக் கேட்டது கோப்பில் இருக்கும். நாம் எழுதக் கற்றது இதற்குத்தான். மாதிரிக் கடிதம் ஒன்றைப் படியுங்கள்.

அனுப்புநர்: (உங்கள் பெயர், தெரு, ஊர்)

பெறுநர்: செயலாளர், கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம்.

ஐயா,

நான் நம் சங்கத்தின் உறுப்பினர். என் உறுப்பினர் எண் ____ ஆகும். எனக்குச் சர்க்கரை நோய் உள்ளது. காலில் புண் இருப்பதால் ____ வாரம் மிதிகட்டை மிதிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். டாக்டர் தந்த சீட்டின் நகலை இத்துடன் இணைத்திருக்கிறேன். அதுவரை பாவு பிணைத்தல், துணி பார்த்தல் போன்ற வேலைகளை எனக்குத் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். குணமான பிறகு நெசவு செய்ய எனக்கு விருப்பம் உண்டு. என் தறியை மாற்றி அமைக்கக் கிடைக்கும் உதவி பற்றியும் தெரிவிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
(கையொப்பம், நாள்)

கடிதத்தைக் கொடுக்கும்போது ஒரு நகல் உங்களிடம் இருக்கட்டும். பெற்றுக்கொண்டதாக அதில் கையெழுத்து வாங்குங்கள்.

ஒரு நோட்டு, ஐந்து வரி

எட்டணா கூலிக் கணக்கையும் நினைவில் வைத்திருந்த பெரியவர்கள் நம் தெருவில் உண்டு. ஆனால் நோயின் கணக்கை நினைவில் வைக்க முடியாது. ஒரு நோட்டு போடுங்கள். இரவு படுக்கும் முன் தினமும் ஐந்து வரி எழுதுங்கள்.

நாள்: திங்கள்
மருந்து: காலை உண்டு, இரவு உண்டு
நெய்த நேரம்: 7 மணி
கால் பார்த்தது: வலது பெருவிரலில் சிவப்பு
சர்க்கரை: (பரிசோதித்த நாளில் எழுதுக)

காலைப் பார்ப்பது எப்படி? விளக்கு வெளிச்சத்தில் உட்காருங்கள். மேல்பாதம், உள்ளங்கால், குதிகால், விரல் இடுக்கு எல்லாம் பாருங்கள். உள்ளங்கால் தெரியாவிட்டால் தரையில் கண்ணாடியை வைத்துப் பாருங்கள். கண் மங்கலானால் வீட்டில் உள்ளவர் பார்க்கட்டும். சிவப்பு, வீக்கம், கொப்புளம், வெடிப்பு, கீறல் எதுவானாலும் எழுதுங்கள். புண் இருந்தால் மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காய்ப்பைப் பிளேடால் வெட்டக் கூடாது. காலைச் சுடுநீரில் வைக்கக் கூடாது. காலுக்குச் சூடு தெரியாது அல்லவா?

டாக்டரிடம் போகும்போது நோட்டைக் கொண்டுபோங்கள். “நான் ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரம் மிதிகட்டை மிதிக்கிறேன்” என்று சொல்லுங்கள். டாக்டருக்குக் குழித்தறி தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. நம் வேலையை நாம்தான் அவருக்குச் சொல்ல வேண்டும்.

நினைவில் கொள்வோம்

நோயை மறைத்தால் நோய் வளரும்.
வலி இல்லாத புண் ஆபத்தான புண்.
வேலையை விடும் முன் வேலையை மாற்றிப் பார்.
தினமும் காலைப் பார். தினமும் எழுது.
ஒருவர் பாரத்தை இன்னொருவர் தலையில் வைக்காதே, பங்கிட்டுக்கொள்.

சொற்களை அறிவோம்

கணையம்: வயிற்றில் உள்ள உறுப்பு, இன்சுலின் சுரப்பது
மரத்துப்போதல்: தொட்டாலும் குத்தினாலும் உணர்வு இல்லாமல் போதல்
பாவு: துணியில் நீளவாட்டில் ஓடும் நூல்
ஊடை: குறுக்கே ஓடும் நூல்
க்ஷேமநிதி: தொழிலாளரின் நலனுக்காகச் சேர்க்கும் பணம்
நகல்: படி, ஒன்றைப் போல எடுத்த மற்றொன்று

விடை எழுதுங்கள்

1. அண்ணாச்சி தன் நோயைச் சங்கத்தில் சொல்லாததன் காரணம் என்ன?
2. தொழுநோயாளிகளின் விரல்களைப் பற்றி டாக்டர் பிராண்ட் கண்ட உண்மை என்ன?
3. மல்லேசம் செய்த இயந்திரத்துக்கு யார் பெயர்? ஏன்?
4. ஒரு சேலைக்குக் கையை 9,000 முறை ஆட்ட வேண்டும். ஒரு நாளில் 2 சேலை என்றால் எத்தனை முறை?
5. சர்க்கரை மிகவும் இறங்கினால் தெரியும் அறிகுறிகள் மூன்றை எழுதுங்கள்.

கூடிப் பேசுங்கள்

உங்கள் தெருவில் நோயோடு வேலை செய்பவர்கள் யார்? அவர்கள் எந்த வேலையை எப்படி மாற்றிக்கொண்டார்கள்? சங்கம் அவர்களுக்காக என்ன செய்யலாம்?

செய்து பாருங்கள்

நீங்கள் செய்யும் தொழிலில் உள்ள வேலைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே அந்த வேலை கேட்கும் உறுப்பை எழுதுங்கள்: கால், கை, இடுப்பு, கண், மூச்சு. உங்கள் உடம்புக்குச் சிரமமான வேலையின் கீழே கோடு போடுங்கள். அதை எப்படி மாற்றலாம் என்று வீட்டில் உள்ளவர்களோடு பேசி, ஒரு வரி எழுதி, அடுத்த வகுப்புக்குக் கொண்டுவாருங்கள்.